ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்

எங்கள் அய்யாவுடன் ஓர் ஊருக்குப் போவதென்றால் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துப் பிரயோஜனமில்லை. வழியில் எத்தனை வீடு என்று பார்க்க வேண்டும். தெரிந்தவர் வாசலைத் தாண்டிப் போவது அவரால் முடியாத காரியம். சிலருக்குக் குடியை விட முடியாது, சிலருக்குச் சீட்டாட்டத்தை விட முடியாது. அய்யாவுக்கு வாசலை விட முடியாது.

“ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்” என்பார். அந்த ஒரு எட்டு எப்படிப்பட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலில் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார். “இல்லத்தா, அவசரமாப் போறோம், ஒக்கார நேரமில்ல” என்பார். அப்புறம் செருப்பைக் கழற்றுவார். காப்பி வரும். காப்பி குடித்ததும் கொல்லையில் புதுசாகப் போட்ட போர்வெல்லைப் பார்க்கப் போவார். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டினால் அது இன்னொரு எட்டு. இப்பத்தான் குடிச்சேன் என்று ஒரு வீட்டிலும் காப்பியை மறுத்ததில்லை. மறுத்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும் என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்.

நான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். தகவல் தெரிந்த உடனே அய்யா ஊரிலிருந்து கிளம்பிவிட்டாராம். வந்து சேர்ந்தபோது எனக்கு ஒரு நாள் வயசு. “பொம்பளப் பிள்ளை பொறந்த சேதிய வழியில நாலு வீட்ல சொல்லாமயா வர முடியும்?” என்பது அவர் கட்சி. அம்மா இதை என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்லிக் காட்டுவாள். அவரும் ஒவ்வொரு தடவையும், “அன்னைக்கி எல்லாரும் எம்புட்டு சந்தோசப்பட்டாக தெரியுமா” என்று சந்தோஷமாகவே கேட்டுக்கொள்வார்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்கு மேற்கே. நிலமும் மிளகாயும்தான் பிழைப்பு. எங்கள் ஊரிலிருந்து ராமேஸ்வரம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அறுபத்தாறு வயது வரை அய்யா பாம்பன் பாலத்தில் இறங்கி நின்றதில்லை, தனுஷ்கோடி முனையைப் பார்த்ததில்லை. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற இடங்கள். அஞ்சு வருஷத்துக்கு முன்னால், கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், செகண்ட் ஹாண்டில் ஒரு சின்னக் கார் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். “வாங்கய்யா, ரெண்டு நாளு, எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு வருவோம்” என்றேன்.

அம்மாவையும் கூப்பிட்டேன். “மாட்டை யாரு பாக்குறது?” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “உங்கய்யாவோடயா போற? அடுத்த மாசம் கல்யாணத்துக்குள்ள திரும்பிருவீகள்ல?” என்றாள்.

அந்தக் கல்யாணம்தான் விஷயம். சுற்றிப் பார்ப்பதெல்லாம் நான் சொன்ன சாக்கு.

அய்யாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி. என் அத்தை. ராமநாதபுரத்தைத் தாண்டி உச்சிப்புளிக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டு ஓரத்திலேயே வீடு. அத்தை மகளுக்குத்தான் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் எங்கள் பக்கம் ஒரு பெண் மணவறைக்கு வருவதில்லை. அந்தத் தாய்மாமன் எங்கள் அய்யா. அவர் தங்கச்சியோடு பேசி இருபத்து மூணு வருஷம் ஆகியிருந்தது. அத்தை ஓர் ஆள் மூலமாகப் பத்திரிகை கொடுத்துவிட்டிருந்தாள். அய்யா அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, “ஆளு விட்டுக் குடுத்தா ஆளு விட்டே சீரை அனுப்புவோம்” என்று சொல்லிவிட்டார்.

ராமேஸ்வரத்துக்கு எப்படிப் போனாலும் அத்தை வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வாசலைத் தாண்ட முடியாத மனுஷர் அந்த வாசலை மட்டும் எப்படித் தாண்டுவார் என்று கணக்குப் போட்டேன். அவருடைய வியாதியை நம்பித்தான் காரை எடுத்தேன்.

இருபத்து மூணு வருஷத்துச் சண்டைக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? காரணம் ஒரு முறுக்கு. அது இருந்தது என் கையில்.

அத்தை மகளுக்கு ஒரு வயசில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அம்மா முந்தின நாளே சீர்ச் சாமான்களோடு பஸ்ஸில் போய்விட்டாள். மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் காலையில் வருவதாகச் சொன்ன அய்யா, எட்டு வயசு என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். உப்பூரில் ஓர் எட்டு. தேவிபட்டினத்தில் ஓர் எட்டு. அதற்கப்புறம் ரெண்டு எட்டு. கடைசி வீட்டில் எனக்கு ஒரு கை முறுக்கு கொடுத்தார்கள்.

நாங்கள் போனபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. பிள்ளை ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் உட்கார்ந்து, காதில் ரத்தப் பொட்டோடு வீறிட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

“ஏண்ணே இம்புட்டு நேரம்?” என்று அத்தை கேட்டாள்.

“வண்டி பஞ்சர்த்தா” என்றார் அய்யா. என் தோளில் லேசாக ஓர் அழுத்து அழுத்தினார். நானும் சொன்னேன். “ஆமா அத்தை, பஞ்சர்.”

அத்தை என் கையைப் பார்த்தாள். “பஞ்சர் ஒட்டுறவரு முறுக்கும் குடுத்தாராக்கும்?”

கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. அய்யா சிரிக்கவில்லை. பந்தியில் உட்காராமல் வண்டியைத் திருப்பினார். தாமதமாக வந்தது அவர்தான், பொய் சொன்னதும் அவர்தான், கோபப்பட்டதும் அவர்தான். “எனக்காக நேரத்தக் கொஞ்சம் நிப்பாட்ட மாட்டாளா?” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல நேரத்தை யார் நிறுத்த முடியும்? எனக்கு அதன்பிறகு முறுக்கு தொண்டையில் இறங்காது. அந்த முறுக்கை வழியிலேயே தின்று முடித்திருந்தால் எனக்கு ஓர் அத்தை இருந்திருப்பாளே என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரில் கிளம்பினோம். டிக்கியில் குண்டு மிளகாய் வத்தல், வீட்டுக்கு ஒரு பையாக அம்மா கட்டி வைத்தது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைவதும் அய்யாவால் முடியாது. போனில் மேப்பைப் போட்டேன். ரெண்டு மணி நேரம் என்று காட்டியது. “இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்” என்று அதிலிருந்து ஒரு பெண் குரல் சொல்ல, அய்யா போனைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் கேட்டார். “இந்தம்மா எந்த ஊரு?”

முதல் நிறுத்தம் உப்பூர் பிள்ளையார். சாமி கும்பிட அஞ்சு நிமிஷம், கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் முக்கால் மணி நேரம். இரண்டாவது வீட்டில் நாங்கள் இறங்குவதற்கு முன்பே அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. “பொறப்பட்டாகன்னு போன் வந்துச்சு” என்றார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்களுக்கு முன்னால் எங்கள் சேதி போய்க்கொண்டிருந்தது. எந்த வீட்டில் எத்தனை காப்பி, நான் எப்படி இளைத்துவிட்டேன் என்பது வரை.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் ஒன்பது நவக்கிரகக் கல்லையும் பார்க்க எல்லோரும் வரிசையாகப் போனார்கள். நாங்கள் எங்களிடம் வத்தல் வாங்கும் பாய் வீட்டில் இருந்தோம். “நல்லா இருக்கீகளா மாப்ளே?” என்றார் அய்யா. “அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கோம் மச்சான். மதியம் சாப்பிட்டுத்தான் போகணும்” என்றார் பாய். நான் கெஞ்சிக் கூத்தாடி, சாப்பாட்டைச் சர்பத்தாகக் குறைத்தேன். வழியை விட்டு விலகிப் போன திருப்புல்லாணியிலும் கோயிலுக்கு எதிர்ச் சந்தில் ஒரு வீடு இருந்தது, இருக்காதா என்ன? நாங்கள் வெளியே வந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். நானும் அய்யாவும் சாத்திய கதவைக் கும்பிட்டோம். “கதவும் பழசுதான்” என்று அய்யா எனக்கு ஆறுதல் சொன்னார்.

திரும்பி வந்து ராமநாதபுரத்தைத் தாண்டியதும் பேச்சு குறைந்தது. அத்தை ஊர் நெருங்க நெருங்க, என் போனை எடுத்து வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். போன் தலைகீழாக இருந்தது. ஸ்பீட் பிரேக்கர் வந்தது. அதிலிருந்து பத்தடியில் அத்தை வீடு. நான் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன்.

“அய்யா, ஒரு எட்டு...” என்று ஆரம்பித்தேன்.

“மிதி” என்றார்.

“ஸ்பீட் பிரேக்கர்யா.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. மிதின்றேன்ல.”

மிதித்தேன். ரெண்டு பேர் தலையும் கூரையில் இடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எங்கள் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காப்பி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அய்யா மேல் எனக்கு உண்மையிலேயே வெறுப்பு வந்தது. யார் யார் வீட்டுப் போர்வெல்லையெல்லாமோ எட்டிப் பார்க்கிற மனுஷருக்குக் கூடப் பிறந்தவள் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று.

பாம்பன் பாலத்தில் காரை ஓரங்கட்டினேன். எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரயில் பாலத்தையும் கீழே நிற்கிற படகுகளையும் போட்டோ எடுத்தார்கள். அய்யா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். அறுபத்தஞ்சு நம்பர் போட்ட வண்டி வந்தால், நம்ம ராமநாதபுரத்து வண்டியாயிற்றே, யாராவது தெரிந்தவர் இருப்பாரோ என்று குனிந்து உள்ளே பார்த்தார். அவர் வேட்டியைக் காற்று படுத்திய பாட்டில் நாலு பேர் பாலத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் வடக்கே இருந்து வந்தவர்கள். பாவம், அரைப் பிரகாரம் வரை யாரோடும் பேசாமல் நடந்தார். எத்தனை தூண், எவ்வளவு நீளம் என்று நான் வியந்துகொண்டிருக்க, “இம்புட்டுப் பெரிய எடத்துல ஒரு தெரிஞ்ச மொகம் இல்ல பாரு” என்றார். லாட்ஜுக்குப் போகவில்லை. எங்கள் ஊரிலிருந்து போய் அங்கே டீக்கடை வைத்திருந்தவர் வீட்டில்தான் படுத்தோம்.

மறுநாள் காலை தனுஷ்கோடி முனை. ரெண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு போய் முடிந்துவிட்டது. அதற்கு மேல் வாசலே கிடையாது. அய்யா கொஞ்ச நேரம் திக்குத் தெரியாதவர் மாதிரி நின்றார். பிறகு மாங்காய் விற்கிற அம்மாவிடம் போனார். கழுத்தில் சிலுவை போட்டிருந்தார் அந்த அம்மா.

“ஆத்தா எந்த ஊரு?”

“தங்கச்சிமடம்யா.”

“தங்கச்சிமடத்துல நமக்கு யாரு இருக்கா...” என்று அய்யா யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். யாரும் கிடைக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போறவரு. உங்களுக்குத் தெரிய ஞாயமில்லய்யா. அதான் இப்ப தெரிஞ்சுக்கிட்டமே” என்று அந்த அம்மா மாங்காயில் பொடியைத் தூவிக் கொடுத்தார். அய்யா பொடியை மோந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. “இது நம்ம ஊரு வத்தல் இல்லயே ஆத்தா” என்று காருக்குப் போய், டிக்கியில் மிச்சமிருந்த கடைசிப் பையை எடுத்து வந்து அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

அப்புறம் சுவரில் உட்கார்ந்து மாங்காயைக் கடித்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னார். “செவுத்துக்குப் பச்சை அடிச்சிருக்கா.”

“யாருய்யா?”

“வாசல்ல நின்ன தென்னைய வெட்டிட்டா. அடிபைப்பு இருந்த எடத்துல தொட்டி கட்டியிருக்கா. முடி பூரா நரைச்சுப் போச்சு அவளுக்கு.”

தலைகீழாகப் போனைப் பார்த்துக்கொண்டே, தலை கூரையில் இடித்த நேரத்தில், இவ்வளவையும் பார்த்திருக்கிறார். முந்தின நாள் வெறுத்ததற்கு எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பும்போது நிறுத்தட்டுமா என்று கேட்டேன். “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தா?” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தைரியம் வரவில்லை.

தைரியமே தேவைப்படவில்லை. டீக்கடைக்காரர் வீட்டிலிருந்து சேதி போயிருக்க வேண்டும். மதியம் அந்த ஸ்பீட் பிரேக்கரை நெருங்கியபோது, நடு ரோட்டில், ஸ்பீட் பிரேக்கர் மேலேயே அத்தை நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அத்தை அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

காரை ஓரங்கட்டினேன். அய்யா இறங்கவில்லை. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார், காலடியில் தேடினார். “ஒரு பைகூட இல்லயாத்தா?” என்று கிசுகிசுத்தார். “வெறுங்கையோட எப்படி எறங்குவேன்?” இருபத்து மூணு வருஷச் சண்டையெல்லாம் எங்கேயோ போய், வத்தல் இல்லாததுதான் அவருக்குக் கவலையாக இருந்தது.

அத்தையே வந்து கதவைத் திறந்தாள். அய்யா இறங்கினார். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தை கேட்டது இதுதான்.

“ஏண்ணே இம்புட்டு நேரம்?”

அய்யா தலையைக் குனிந்தார். துண்டை எடுத்தார், மடித்தார், மறுபடி தோளில் போட்டார்.

“வண்டி... பஞ்சர்த்தா.”

அத்தைக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. “பஞ்சர் ஒட்ட இருவத்து மூணு வருசமாண்ணே?” என்று அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். செம்புத் தண்ணீர் அய்யா வேட்டியில் பாதியும் ரோட்டில் பாதியுமாகக் கொட்டியது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். கல்யாணப்பெண் கேட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். வாட்டசாட்டமான பெண். அய்யாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“மாமா, அன்னைக்கி விட்ட மடி பாக்கி இருக்கு. இப்ப ஒக்காந்தா தாங்குவீகளா?”

அய்யா உள்ளே போனார். வெறுங்கையோடு அவர் ஒரு வீட்டுக்குள் போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அத்தை எனக்கு ஒரு தட்டு நிறைய முறுக்கு வைத்தாள். எனக்குத் தொண்டையில் இறங்கியது.

“கல்யாணத்துக்காவது நேரத்தோட வருவீகளா?” என்று கிளம்பும்போது அத்தை கேட்டாள்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் நான்தான் கார் ஓட்டினேன். அம்மா பின்னால் சீர்த் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். உப்பூர் வருவதற்கு ஒரு மைல் இருக்கும்போதே அய்யா துண்டை எடுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டார்.

“என்னங்கய்யா, ஒடம்புக்கு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்கேன். யாராச்சும் வாசல்ல நின்னு கையக் காமிச்சா என்னால எறங்காம இருக்க முடியாது. மொகம் தெரிஞ்சாத்தான கையக் காமிப்பாக. நீ நிப்பாட்டாம ஓட்டு.”

உப்பூர் போயிற்று. தேவிபட்டினம் போயிற்று. ஒவ்வொரு ஊர் வரும்போதும் துண்டுக்குள்ளிருந்து, “தாண்டிருச்சா?” என்று குரல் வரும். “தாண்டிருச்சுய்யா” என்பேன். உள்ளே ஒரு பெருமூச்சு கேட்கும். அவர் படுகிற கஷ்டத்தைப் பார்த்து அம்மாவுக்கே மனசு இளகி, “வேணும்னா ஒரே ஒரு வீடு பாத்துட்டு...” என்றாள். “சும்மா இருத்தா” என்று துண்டு அதட்டியது.

நாங்கள் போனபோது மண்டபத்தில் வாழைமரம்கூடக் கட்டியிருக்கவில்லை. சமையல்காரர்கள் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அய்யா முதல் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டார். காலியான மண்டபத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த அண்ணனை அத்தை வாசலில் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, காப்பி எடுத்துவர அவளே உள்ளே போனாள்.

அய்யா போன மாசியில் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து ஊரே அசந்துவிட்டது. அவர் காப்பி குடித்த வீடுகள் அத்தனையும் வந்திருந்தன. தேவிபட்டினத்துப் பாய் தெருவில் நின்று அழுதார். ஒருவரும் வழியில் எங்கேயும் நிற்காமல் நேராக வந்திருந்தார்கள்.

உள்ளே பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். உப்பூர்க்காரம்மா அய்யாவின் காலைப் பிடித்துக்கொண்டு, “எத்தனை தடவை வந்து எங்க வாசல்ல ஒக்காந்தீக... கல்யாணத்தன்னைக்கி மட்டும் எங்க வாசலோட போயும் எட்டிப் பாக்காமப் போனீகளே” என்று அஞ்சு வருஷத்துக் குறையைச் சொல்லி அழுதார். அதைக் கேட்டதும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. “எங்க வாசலையும்தான்”, “எங்க வாசலையும்தான்” என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“மத்த நாளெல்லாம் உங்க வீட்லதான இருந்தாக. அந்த ஒரு நாளு எனக்குடி. அதையும் கேக்காதீக.”